ஆய்வு மாணவர்க்கு வேண்டும் மூவகைத் துணை: ‘என் சரித்திரம்’ காட்டும் நெறி

நூலை நோக்கும் முறை

டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் ‘என் சரித்திரம்’ 1940 ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, 1942 ஆம் ஆண்டில் அவர்தம் மறைவோடு முற்றுப்பெறாமல் நின்று, 1950 ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. அதனை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இருவகையாக நோக்கியுள்ளனர். பழந்தமிழ் நூல்கள் ஏட்டினின்றும் அச்சேறிய வரலாறாக அதனைக் கண்டோர் ஒருசாரார்; ஆசிரியர்பால் மாணாக்கர் கொண்ட அன்பின் பெருநூலாக அதனைக் கண்டோர் மற்றொரு சாரார். இவ்விரு நோக்கும் பொருந்துவனவே. எனினும் மூன்றாவதாக ஒரு நோக்கிற்கும் அந்நூல் இடந்தருகின்றது. பொருள் வளமில்லாத ஓர் இளைஞர் பெரும் புலமையாளராக வளர்தற்கு எவ்வெவை துணை நின்றன, அவற்றை யாவர் அளித்தனர், எவ்விடத்து அத்துணை குறைபட்டது என்பவற்றை வேறெந்தத் தமிழ் நூலும் இத்துணை விரிவாகக் கூறவில்லை. அக்கணக்கினை எடுத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இந்நோக்கு இன்று வேண்டப்படுதற்குக் காரணம் உண்டு. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வோர் படும் இடர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும் ஐயரவர்களும் எடுத்துக்காட்டாக வருகின்றனர். இன்றைய மாணவர் முன்போல் உழைப்பதில்லை என்பாரும் அவர்களையே காட்டுகின்றனர்; இன்றைய ஆசிரியர் முன்போல் அன்பு செலுத்துவதில்லை என்பாரும் அவர்களையே காட்டுகின்றனர். ஒரே சான்றினை இருசாராரும் தத்தமக்கு ஏற்பக் கொள்வாராயின், அச்சான்று உண்மையில் யாது கூறுகின்றது என ஆராய்தல் நம் கடனாகின்றது.

சான்றின் இயல்பினையும் முதற்கண் கூறல் வேண்டும். 1855 ஆம் ஆண்டில் பிறந்த ஐயர், தம் மாணாக்கப் பருவத்தை ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்து எழுதுகின்றார். அதற்கு முன்னரே 1933, 1934 ஆம் ஆண்டுகளில், பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பாகமாக அவர் எழுதி வெளியிட்டிருந்தார். ஒரே நிகழ்ச்சிகள் சில இரு நூலிலும் வருகின்றன. முன்னையதில் ஆசிரியரின் பெருமை முன்னிற்ப, எழுதுவோர் பின்னிற்கின்றார். பின்னையதில் மாணாக்கரின் ஏக்கமும் அச்சமும் பசியும் முன்வருகின்றன. ஆசிரியரைக் குறை கூறும் கருத்து ஐயர்க்கு எங்கும் இல்லை. ஆயினும் நிகழ்ந்ததை மறைக்கும் கருத்தும் இல்லை. ஆகலின் நம் ஆராய்ச்சிக்குத் தன்வரலாறே சிறந்த சான்றாகும் என்க.

இலக்கணம் கூறுவதும் கூறாததும்

கற்றல் கற்பித்தல் பற்றித் தமிழ் இலக்கணம் கூறும் கருத்தினை நன்னூற் பொதுப்பாயிரத்திற் காணலாம். ஆசிரியரது இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கரது இயல்பு, பாடங் கேட்கும் முறை என அனைத்தையும் அது வரையறுக்கின்றது. ஆசிரியர் உரைப்பதனால் நிரம்புவது புலமையில் காற்கூறு. உடன்பயில்வாரோடு பழகுதலால் நிரம்புவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறும் பிறர்க்கு உரைத்தலால் நிரம்பும் என்பது அது தரும் கணக்கு. கல்விமுறை பற்றி இதனினும் நுட்பமான வரையறை காண்டல் அரிது.

ஆயின், அவ்விலக்கணம் விடுத்த பொருள் ஒன்று உண்டு. நூல் உரைத்தற்கு உரியாரை எண்ணுமிடத்துப் பொருளை மிகுதியாகக் கொடுப்பவரையும், வழிபாடு செய்பவரையும் அது சேர்த்தெண்ணுகின்றது. பொருளுடையார் பொருளாற் பெறுவர். இல்லாதார் வழிபாட்டாற் பெறுவர் என்பது போதரும். ஆயின் வழிபட்டு நிற்கும் அவ்வேழை மாணாக்கர்க்கு உண்ணவும் உறையவும் அளிப்பவர் யாவர் என்பது கூறப்படவில்லை. சிறப்புப்பாயிரத்திற் சீயகங்கன் என்னும் அரசன் புரவலனாக வருகின்றான். ஆனால் அவன் நூல் செய்வித்தவனேயன்றி மாணாக்கரைப் பேணியவனாகக் கூறப்பெறவில்லை. இலக்கணம் விடுத்த இவ்விடத்தை நிரப்புவதே ‘என் சரித்திரம்’ நமக்குச் செய்யும் பேருதவியாகும்.

முதல் துணை: உணவும் உறையுளும்

ஐயர் தம் தந்தையாரோடு மாயூரத்திற் பிள்ளையவர்களை முதன்முதற் கண்ட நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கன. மாணாக்கராக விரும்பி வருவோர் பலர் சில காலம் இருந்து பின்னர்ச் சென்றுவிடுகின்றனர் எனப் பிள்ளையவர்கள் மனம் வருந்திக் கூறியது ஒன்று. திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தாம் தங்கும் காலங்களில் ஐயரது உணவிற்குக் குறை நேராது பார்த்துக்கொள்ளலாம் என்றும், மாயூரத்தில் அதற்குத் தக்க வசதி தமக்கு இல்லை என்றும் அவர் தெரிவித்தது மற்றொன்று. தமிழ்நாடு முழுதும் புகழ்பெற்ற ஒரு பேராசிரியர், தம்பாற் கற்கவந்த இளைஞரிடம் கேட்ட முதன்மையான வினாக்களுள் ஒன்று உணவு பற்றியதாக அமைந்தது. அதற்கு ஏற்பாடு செய்துகொள்வதாகத் தந்தையார் உறுதி கூறிய பின்னரே கல்வி தொடங்கியது.

இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை வெளிப்படும். வந்து சிலகாலம் இருந்து சென்ற அப்பலரும் யாவர்? அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அறிவுக் குறைவினாலேதான் அவர்கள் அனைவரும் சென்றனர் எனக் கொள்ளுதற்குச் சான்று இல்லை. இடரை வென்று நிலைத்த ஒருவரது வரலாற்றைக் கொண்டு, இடரே புலமையை வளர்த்தது என முடிவு கட்டுவோர், நிலைக்கவியலாது திரும்பிய அப்பலரை மறந்துவிடுகின்றனர். துன்பத்தாற் புலமை வளர்ந்தது என்பதினும், துன்பம் இருந்தும் புலமை வளர்ந்தது என்பதே அந்நூலோடு பொருந்துவதாகும்.

புரவலரின் ஆதரவு மாணாக்கரை வாழ்விக்கவும் வல்லது, தாழ்த்தவும் வல்லது. இவ்விரு நிலைக்கும் நூலிற் சான்றுண்டு. பட்டீச்சுரத்தில் ஆறுமுகத்தா பிள்ளை என்னும் செல்வர் பிள்ளையவர்களையும் மாணாக்கரையும் விருந்தோம்பிக் காத்தவர். அவரது அன்பு மெய்யானது. எனினும் செய்யுட்களை நெட்டுருச் செய்து தம்மிடம் ஒப்பித்தாலன்றி உணவில்லை என மாணாக்கரை அவர் அச்சுறுத்தியதும் உண்டு. உணவளிப்பவரே தேர்வாளராகவும் மாறிய நிலை இது. கற்பித்தவர் பிள்ளையவர்கள், கண்டித்தவர் புரவலர். ஐயர் இதனை நகைச்சுவை தோன்றவே எழுதியுள்ளார். ஆயினும் பசித்த வயிற்றோடு பாடல் ஒப்பிக்கும் இளைஞரின் அச்சம் அந்நகைச்சுவையின் அடியில் தெளிவாகத் தெரிகின்றது.

திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு இதனின் வேறானது. சுப்பிரமணிய தேசிகர் தலைமையில் அம்மடம் ஆசிரியரையும் மாணாக்கரையும் சேர்த்தே பேணியது. இதுவே அவ்வாதரவின் தனிச்சிறப்பு. ஆசிரியர் ஓரிடத்தும், மாணாக்கர்க்கு உணவு வேறிடத்துமாக அமையாமல், பாடஞ்சொல்லும் இடத்திலேயே உண்டியும் உறையுளும் ஏடுகளும் ஒருங்கே கிடைத்தன. 1876 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தபின்னும் அவ்வாதரவு அறுபடவில்லை. தேசிகரே ஐயர்க்குப் பாடஞ் சொன்னார். மடத்திற் கற்போர்க்குப் பாடஞ் சொல்லும் பணியினையும் ஐயர்க்கு அளித்தார். பிறர்க்கு உரைத்தலால் நிரம்பும் அரைக்கூற்றுப் புலமை ஐயர்க்கு நிரம்பியது இவ்வாறே. நெறியாளர் மறைந்தபின் மாணாக்கரைத் தாங்கிய நிறுவனம் ஒன்று 19 ஆம் நூற்றாண்டிலேயே தமிழகத்தில் இருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் துணை: உடனிருந்து கற்பித்தல்

பிள்ளையவர்களின் கற்பிக்கும் முறை பற்றி ஐயர் தரும் செய்திகள் பல. அவர் பொருள் பெற்றுக்கொண்டு பாடஞ் சொன்னவர் அல்லர். சமய வேறுபாடு அவரது வகுப்பிற் புகவில்லை. அவர்தம் மாணாக்கருட் கிறித்துவராகிய சவேரிநாத பிள்ளை முதன்மையான இடம் பெற்றிருந்தார். பிள்ளையவர்களின் இறுதி வேளையில் அவரைத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தினைப் படித்தவர் ஐயர். ஆசிரியரோடு மாணாக்கர் கொண்ட நெருக்கத்திற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆயின் அந்நெருக்கம் ஐயர்க்குத் தொடக்கத்திலேயே கிட்டியதன்று. மாயூரத்தில் முதலில் அவர் சவேரிநாத பிள்ளையிடமே பாடங் கேட்குமாறு விடப்பட்டார். மூத்த மாணாக்கர் இளையார்க்குக் கற்பித்தல் அக்கால வழக்கம். அது நன்னூற் கணக்கோடும் ஒத்ததே. எனினும் பெரும்புலவரிடம் நேரிற் கற்கவந்த இளைஞரின் உள்ளம் அமைதியுறவில்லை. பிள்ளையவர்கள் காலைதோறும் தம் தோட்டத்து மரங்களிற் புதிய தளிர் தோன்றியுள்ளதா எனப் பார்த்து மகிழும் வழக்கமுடையவர் என்பதை அவர் அறிந்தார்; தாம் முன்னதாகவே சென்று தளிர் விட்ட இடங்களைப் பார்த்துவைத்து, ஆசிரியர் வரும்போது காட்டினார். அதனால் ஆசிரியரின் உள்ளம் அவர்பாற் கனிந்தது. நேரிற் பாடங் கேட்கும் வாய்ப்பும் தோன்றியது.

இப்பகுதி தமிழ் உரைநடையின் இனிய பகுதிகளுள் ஒன்றாகப் போற்றப்படுவது. அவ்வினிமையை யாமும் மறுக்கவில்லை. எனினும் திறனாய்வாளர் அவ்வினிமையோடு நின்றுவிடுதல் ஆகாது. ஆசிரியரின் காலத்தைப் பெறுதற்கு அவரது தோட்டத்தின் தளிரை மாணாக்கர் தேடவேண்டியிருந்தது என்பதே அப்பகுதி உணர்த்தும் செய்தி. பிள்ளையவர்கள் கொடையுள்ளம் படைத்தவர். தளிர் காட்டுதலை அவர் கேட்டதும் இல்லை, எதிர்பார்த்ததும் இல்லை. ஆயினும் மாணாக்கர்க்குரிய பாடநேரம் இவ்வளவு என்னும் வரையறை இல்லாத ஒரு முறையில், கூர்த்த மதியுடைய மாணாக்கர் ஆசிரியரின் விருப்பினை ஆராய்ந்தறிந்து நெருங்குவர். கூச்சமுடைய மாணாக்கர் புறத்தே நிற்பர். பிள்ளையவர்கள் போன்ற சான்றோரிடத்துத் தளிர் தேடுதல் தீங்கின்றி முடிந்தது. அத்தகைய சான்றாண்மை இல்லாரிடத்து அது எவ்வாறு முடியும் என்பதனை நம் துறைகளில் உள்ளார்க்கு விரித்துரைத்தல் வேண்டா.

நன்னூல் கூறிய வழிபாடு என்பதன் பொருள் இங்கே ஆராயத்தக்கது. மாணாக்கர் ஆசிரியர்க்குச் செய்யும் பணிவிடை, பொருள் கொடுக்கவியலாமைக்கு ஈடாக அமைந்த காலம் ஒன்று இருந்தது. இன்று ஆசிரியர்க்கு ஊதியத்தை நிறுவனம் தருகின்றது. ஆகலின் ஈடு செய்யவேண்டிய கடன் மாணவர்க்கு இல்லை. மதிப்பும் அன்பும் இருத்தல் வேண்டும். அவை கல்விக்கு அணி. ஆயின் பணிவிடையினை நெறிப்படுத்தலின் விலையாகக் கொள்ளுதல், ஒரே பொருட்கு இருமுறை விலை பெறுதலாக முடியும்.

மூன்றாம் துணை: வினவுவோர்

உணவும் அமைந்து, ஆசிரியரும் அமைந்தபின் ஆராய்ச்சி தானே தோன்றும் எனக் கருதுவோர், 1880 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21 ஆம் நாள் நிகழ்ச்சியினைக் கருதிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டிலேதான் தியாகராச செட்டியாரின் பரிந்துரையினால் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அவ்வூரில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அன்று அவர் காணச் சென்றார். கற்ற நூல்கள் யாவை என முதலியார் கேட்ப, அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் புராணங்களுமாகப் பலவற்றை ஐயர் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவினார். ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை.

இந்நிகழ்ச்சியை ஐயரின் வாழ்விற் பெருந்திருப்பமாக அனைவரும் கூறுவர். இதன் மற்றொரு பக்கத்தினை யாம் சுட்ட விரும்புகின்றோம். அக்காலத்துத் தமிழ் ஆசிரியருள் தலைசிறந்தவரிடம், ஏறத்தாழ 5 ஆண்டுகள் உடனுறைந்து கற்ற மாணாக்கர்க்கு, அவ்வாசிரியரின் வட்டத்திற்குள் எழாத வினா ஒன்று, புறத்தே நின்ற நீதித்துறை அலுவலர் ஒருவரிடமிருந்து வந்தது. முதலியார் பிள்ளையவர்களினும் பெரிய தமிழ்ப் புலவர் அல்லர். ஆயினும் வேறு கல்வியிற் பயின்றவர். ஆகலின் வேறு வினா அவரிடம் இருந்தது. ஆசிரியர் எத்துணைப் பெரியராயினும் அவரது எல்லையே மாணாக்கரின் எல்லையாகிவிடும் இடர் உண்டு. அவ்வெல்லையைக் காட்டுதற்கு வெளியார் ஒருவரின் வினா வேண்டும்.

அவ்வினா ஏளனமாக நின்றுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. முதலியார் சிந்தாமணிப் படியினைத் தந்தார். தாமும் உடனிருந்து பாடங் கேட்டார். சைன சமயச் செய்திகள் விளங்காதபோது ஐயர் கும்பகோணத்துச் சைனரை நாடிச் சென்று கேட்டறிந்தார். 1887 ஆம் ஆண்டில் சிந்தாமணி வெளிவந்தது. 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும் தொடர்ந்தன. பிள்ளையவர்கள் தந்த பயிற்சியின்றி ஐயர் அந்நூல்களைப் படித்து ஆராய்ந்திருத்தல் இயலாது. முதலியாரின் வினாவின்றி அவர் அவற்றைத் தொடங்கியிருத்தலும் ஐயமே. எனவே ஆராய்ச்சியாளர்க்கு வேண்டும் துணை மூவகைத்து: பேணுவோர், கற்பிப்போர், வினவுவோர். இவற்றுள் ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

இன்றைய விதிகள்

இம்மூன்று துணையும் இன்று விதியளவில் அமைந்துள்ளன என்பதை மறுத்தற்கில்லை. பேணுதற்கு உதவித்தொகைகள் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதித்தேர்வின் வழி இளநிலை ஆய்வாளராகத் தேர்வுபெறுவோர்க்கு, 2023 ஆம் ஆண்டு சனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை எய்தியபின் 42,000 ரூபாயும் வரையறுக்கப்பட்டன. கற்பித்தற்கு நெறியாளர் உளர். 2022 ஆம் ஆண்டின் முனைவர் பட்ட நெறிமுறைகள் பேராசிரியர்க்கு 8 பேர், இணைப்பேராசிரியர்க்கு 6 பேர், உதவிப்பேராசிரியர்க்கு 4 பேர் என ஆய்வாளர் தொகையை வரம்பு செய்தன. வினவுதற்கு ஆய்வு அறிவுரைக் குழு உண்டு. பருவந்தோறும் ஆய்வாளர் அதன்முன் தம் பணியினை எடுத்துரைத்தல் வேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளின் கூற்று.

பழைய முறையினும் இது ஒருவகையில் உயர்ந்தது. உதவித்தொகை பெறுவோர் புரவலர்முன் செய்யுள் ஒப்பித்து உண்ணவேண்டியதில்லை. அத்தொகை அவர்தம் உரிமை. நெறியாளரை அடைதற்குத் தளிர் தேடவேண்டும் என்னும் விதியும் இல்லை. அருளாக இருந்தது உரிமையாக மாறியது. இம்மாற்றத்தைப் போற்றாதார் பழமையைச் சரிவர அறியாதார்.

ஆயின் மாற்றத்தில் ஒன்று விடுபட்டது. மடத்தில் மூன்றாகப் பிரியாது நின்றவை இன்று மூன்று அலுவலகங்களின் பொருளாயின. உதவித்தொகை கோப்புகளின் வழியே வருகின்றது. அது காலத்தாழ்வுற்று வருதலும் உண்டு. நெறியாளர் தம் வகுப்புகளுக்கும் தேர்வுப் பணிகளுக்கும் இடையே கிடைக்கும் சிறுபொழுதில் ஆய்வேட்டின் இயல்களைப் பார்க்கின்றார். குழுவின் வினா பலவிடத்துக் கையொப்பமாகச் சுருங்குகின்றது. தகுதித்தேர்வின் வழி உதவிபெறாத ஆய்வாளரோ பகுதிநேர வகுப்பெடுத்தும், பிற பணிகள் செய்தும் நாள் கழிக்கின்றனர். அவர்தம் ஆய்விற்கு எஞ்சுவது இரவுப்பொழுதே.

உதவித்தொகை பெறுவோர்க்கும் ஓர் இடையூறு உண்டு. தமிழாய்வு ஊர்தோறும் சென்று செய்யவேண்டிய பணியாகும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், டாக்டர் உ. வே. சா. நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் ஆகியவை வெவ்வேறு இடங்களில் உள்ளன. நெல்லை மாவட்டத்து மாணவர் ஒருவர் இவற்றுள் இரண்டினைப் பயன்கொள்ளவேண்டுமாயின், வாரக்கணக்கில் வெளியூரில் தங்குதல் வேண்டும். நாடோறும் வகுப்பும் வருகைப்பதிவும் உள்ள பருவத்தில் அஃது இயலாது. எஞ்சுவது கோடை விடுமுறை ஒன்றே.

கோடைக்காலம்

ஐயர் கும்பகோணம் கல்லூரியிற் பணியாற்றிய 1880 முதல் 1903 வரையுள்ள காலத்தில், வகுப்பில்லா நாட்களை ஏடு தேடும் நாட்களாக ஆக்கிக்கொண்டார். திருநெல்வேலியிற் கவிராயர் வீட்டு ஏடுகளையும், ஆழ்வார்திருநகரியிற் கவிராயர் இல்லங்களில் இருந்த ஏடுகளையும் அவர் சென்று கண்ட செய்தி தமிழாய்வாளர் அறிந்ததே. ஆசிரியப்பணியோடு ஆராய்ச்சி செய்வார்க்கு விடுமுறையே உண்மையான ஆராய்ச்சிக் காலம் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

நம் பல்கலைக்கழகங்களிலோ அக்காலமே மிகுதியும் வீணாகின்றது. மே, சூன் திங்கள்களில் விடுதி மூடப்படும் நிறுவனங்கள் உள. விடுதி மூடியபின் வெளியூர் மாணவர் தம் ஊர்க்குச் செல்கின்றனர். நெறியாளரும் விடுமுறையில் உள்ளார். குழு கூடுவதில்லை. ஆக, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருசேர ஓய்வுள்ள ஒரே காலத்தில், மூவகைத் துணையும் ஒருங்கே நீங்குகின்றன. எஞ்சிய 10 திங்களில் மூன்றும் உள. ஆனால் மூவர்க்கும் நேரமில்லை.

இதற்கு யாம் கருதும் தீர்வு பெருஞ்செலவினது அன்று. பல்கலைக்கழகமோ துறையோ கோடைதோறும் ஆய்வாளர் சிலர்க்கு 6 வாரம் அல்லது 8 வார அளவிற் கோடை ஆய்வு நல்கை வழங்குதல் வேண்டும். அந்நல்கைக்கு நான்கு இயல்புகள் இன்றியமையாதன. முதலாவது, அது மாணவர்க்குத் தனியாகவன்றி மாணவர் நெறியாளர் ஆகிய இருவர்க்கும் இணைத்தே வழங்கப்படல் வேண்டும். வாரத்திற்கு இத்தனை மணிநேரம் இருவரும் ஒருங்கிருந்து மூலநூலைப் படித்தல் என்பது அதன் விதியாதல் வேண்டும். நெறியாளரின் காலத்தை வரையறுத்து விலைகொடுத்துப் பெறுவதால், தளிர் தேடும் தேவை மாணவர்க்கு இல்லாது ஒழியும். இரண்டாவது, செலவிற்குப்பின் சீட்டுக் காட்டிப் பெறும் முறையினை விடுத்துத் தொகை முன்னதாகவே அளிக்கப்படல் வேண்டும். முன்செலவு செய்ய வழியுடையார்க்கு மட்டும் பயன்படும் உதவி, வழியில்லார்க்கு உதவியாகாது. மூன்றாவது, தகுதித்தேர்வு உதவி பெறாதோர்க்கு அதில் முன்னுரிமை வேண்டும். நான்காவது, கோடையின் இறுதியில் துறைக்குப் புறத்தே உள்ள ஒருவர், வரலாற்றறிஞரோ மொழியியலாரோ கல்வெட்டறிஞரோ, அவ்வாய்வினைக் கேட்டு வினவுதல் வேண்டும். ஆயின் அவர் மதிப்பெண் இடுதல் கூடாது. இராமசாமி முதலியார் ஐயர்க்கு மதிப்பெண் இடவில்லை.

நெறியாளர்க்கு ஊதியம் உண்டே, மேலும் நல்கை எதற்கு என்று சிலர் தடை நிகழ்த்தலாம். விடுமுறை ஆசிரியர்க்கு விதியால் உரியது. அதனை அன்பின் பெயராற் கேட்டுப் பெறுவோமாயின், அன்புடைய சிலர் மட்டும் தருவர். அவர்களிடம் பதிந்த மாணவர் மட்டும் பெறுவர். மற்றையோர் நிலை பழைய மாயூரத்து நிலையேயாகும். கொடையை நம்பி நிற்கும் முறையின் குறை கொடுப்பவரையும் வருத்துதல். பிள்ளையவர்கள் தம்மிடம் வந்த பொருளையெல்லாம் மாணாக்கர்க்கும் பிறர்க்குமாகச் செலவிட்டுத் தம் இறுதிக்காலத்திற் கடனோடு வருந்தினார் என்பதனையும் அதே நூல் கூறுகின்றது. ஆசிரியர் ஒருவரின் ஈகையால் தாங்கப்படும் கல்விமுறை, அவ்வாசிரியரையே விலையாகக் கொள்கின்றது. அதனை மீட்டும் விரும்புதல் முறையன்று.

பணம் வந்தால் ஆய்வு வளரும் என்பது என்ன உறுதி என்பாரும் உளர். பணம் மட்டும் வளர்ப்பதன்று என்பதே எம் கருத்து. அதனாலேயே நல்கையை நெறியாளரின் காலத்தோடும் வெளியாரின் வினாவோடும் பிணைத்துக் கூறினோம். தனித்தனியே மிகுதியாக இருப்பதினும், சிறிதளவாயினும் ஒருங்கிருத்தல் பயன் தரும் என்பதற்குத் திருவாவடுதுறை சான்று.

முடிபு

‘என் சரித்திரம்’ இழந்த பொற்காலம் ஒன்றைப் பற்றிய ஏக்கநூல் அன்று. கல்வியைத் தாங்கிய துணைகளையும் அத்துணைகளின் குறைகளையும் நேர்மையாகப் பதிந்துவைத்த சான்றுநூல் என அதனைக் கொள்ளுதலே ஏற்புடையது. அதனினும் நாம் கொள்ளவேண்டியது மூவகைத் துணையின் இணைப்பு. தள்ளவேண்டியது அவ்விணைப்பு ஒருவரது அருளையே சார்ந்திருந்த நிலை. உரிமையாக்கிய காலத்தில் இணைப்பை நாம் இழந்தோம். உரிமையைக் கைவிடாது இணைப்பை மீட்டலே நம்முன் உள்ள பணி.

அப்பணியினைப் பேரளவிலேதான் தொடங்கவேண்டும் என்பதில்லை. ஒரு துறை, வருகின்ற கோடையில் மூன்று ஆய்வாளர்க்கும் அவர்தம் நெறியாளர்க்கும் இவ்வேற்பாட்டினைச் செய்து, விடுதியில் மூன்று அறைகளைத் திறந்துவைத்து, இறுதியில் வெளியார் ஒருவரை வினவ அழைக்குமாயின், அதன் பயனை அடுத்த பருவத்து ஆய்வியல்களிலேயே காணலாம். பயன் காணாதாயின் விட்டுவிடலாம். செய்துபாராது, மாணவரின் உழைப்பின்மையையோ ஆசிரியரின் அன்பின்மையையோ காரணங் காட்டி நிற்றல், வந்து சிலகாலம் இருந்து செல்வோர் தொகையை மேலும் பெருக்குவதாகவே முடியும் என்பது எம் துணிபு.